பழைய பிட்டர் பெட்டி வாங்கியாச்சு, உள்ள கெடக்கறது என்னென்னன்னு எப்படி கண்டுபுடிக்கறது

பழைய டூல் பெட்டி கைக்கு வந்ததும் நம்ம ஆளுங்க பண்ற மொதல் காரியம், கோணிச்சாக்கை விரிச்சு எல்லாத்தையும் அதுமேல கொட்டி, மண்ணெண்ணெயில ஊறப்போட்டு, கம்பி பிரஷ்ல தேய்ச்சு பளபளன்னு ஆக்கிட்டு அப்புறமா உக்காந்து இது என்ன அது என்னன்னு பாக்கறது. அதை மட்டும் பண்ணிடாதீங்க. நான் மொதல் பெட்டி வாங்குனப்ப அதைத்தான் பண்ணேன், மூணு மூணா செட்டா இருந்த டேப்பு, அதாவது ஓட்டைக்குள்ள மரை வெட்டற டூல், எல்லாம் கலந்து போச்சு, துணியில சுத்தி பத்திரமா வெச்சிருந்த ஒரு பித்தளை பீஸ் எந்த டூலோட சேர்ந்ததுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. பெட்டிக்குள்ள எது பக்கத்துல எது இருந்துச்சுங்கறதுலயே பாதி பதில் இருக்குது, கொட்டுன நிமிஷம் அது போயிடும்.

இப்ப சொல்லப்போறது ரெண்டாவது பெட்டியில கத்துக்கிட்டது. கோயமுத்தூர்ல கணபதி பக்கம் ஒரு வீட்ல, மில்லுல முப்பது வருஷத்துக்கு மேல பிட்டரா இருந்த பெரியவரோட பெட்டி, அவரு போய் சேர்ந்ததுக்கப்புறம் பேரன் எடைக்கு போடறதுக்கு எடுத்து வெச்சிருந்தான். இரும்புக்கடைக்காரர் என்ன குடுப்பாரோ அதுக்கு மேல போட்டு குடுத்து வாங்கிட்டு வந்தேன். மரப்பெட்டி, ஏழு டிராயர், உள்ள பச்சை துணி ஒட்டியிருந்தது பூச்சி அரிச்சு பாதி போயிருந்துச்சு.

மொதல்ல ஒவ்வொரு டிராயரா இழுத்து, எதையும் தொடாம, மேல இருந்து ஒரு போட்டோ எடுங்க. துணியில எண்ணெய் கறையா டூலோட வடிவம் பதிஞ்சிருக்கும், அதையும் எடுங்க. பக்கத்துல என்ன இருக்குதுன்னு பாருங்க. எனக்கு ஒரு சின்ன தகர டப்பாவுல மணி மாதிரி கவுந்த ஒரு சாமான் கெடச்சுது, உள்ள ஸ்பிரிங் வெச்ச ஊசி ஒண்ணு மேலயும் கீழயும் போய் வருது. தனியா பாத்திருந்தா ஒண்ணும் புரிஞ்சிருக்காது. ஆனா அதே டப்பாவுல, ராடு முனையில நடுக்குழி போடற சென்டர் டிரில்லு நாலும் இருந்துச்சு. அப்பறம் என்ன, ரவுண்டு ராடோட முனையில அந்த மணியை கவுத்து வெச்சா அதுவே நடுவுல உக்காந்துக்கும், ஊசி தலையில ஒரு தட்டு தட்டுனா சென்டர், அதாவது நடுப்புள்ளி, விழுந்துரும். பெல் பஞ்ச்சுன்னு சொல்லுவாங்க. லேத்துல, அதாவது கடைசல் மெஷின்ல, ரெண்டு கூர்முனை சென்டருக்கு நடுவுல ஷாப்ட் கட்டறதுக்கு முன்னாடி பண்ற வேலை, அதனாலதான் சென்டர் டிரில்லும் அதுவும் ஒரே டப்பா.

அடுத்தது, அந்த மனுஷன் என்ன வேலை பாத்தாருன்னு தெரிஞ்சுக்கணும். வீட்டுக்காரங்ககிட்ட கேளுங்க, வெக்கப்படாதீங்க, அவங்களும் சந்தோஷமா சொல்லுவாங்க. மில் பிட்டர் பெட்டியும் டூல் ரூம் ஆளு பெட்டியும் பம்பு கம்பெனியில லேத் ஓட்டற டர்னர் பெட்டியும் வேற வேற. எங்க ஊர்ல 1888ல ஸ்டேன்ஸ் மில்லு வந்த காலத்துல இருந்து நூல் மில்லு மெஷினெல்லாம் பெரும்பாலும் இங்கிலாந்துல இருந்துதான் கப்பல்ல வந்துச்சு, ஓல்டாம்ல இருந்த பிளாட் பிரதர்ஸ் மாதிரி கம்பெனிங்க பண்ணது. அந்த மெஷின்ல இருந்த மரையெல்லாம் விட்வொர்த் மரை, பழைய இங்கிலீஷ் இன்ச்சு மரை. அதனால மில் பிட்டர் பெட்டின்னா ஸ்பேனர், டேப்பு, கம்பி மேல மரை வெட்டற டை எல்லாமே இன்ச்சு கணக்கா இருக்கும், மெட்ரிக் சட்டம் 1956ல வந்ததுக்கப்புறமும் பழைய மெஷின் ஓடற வரைக்கும் பழைய ஸ்பேனரும் வேணுமே. இதை மனசுல வெச்சுக்கிட்டாத்தான் கீழ சொல்ற விஷயம் பாதி புரியும்.

விட்வொர்த் ஸ்பேனர்ல நெறைய பேர் ஏமாந்து போறாங்க. ஸ்பேனர் மேல 1/2 டபிள்யூன்னு அடிச்சிருக்கும், வாயை அளந்தா அரை இன்ச்சா இருக்காது, 0.920 இன்ச்சு இருக்கும், அதாவது 23 மில்லிமீட்டர் சொச்சம். உடனே இது தப்பா அடிச்ச ஸ்பேனருன்னு நெனச்சுடறாங்க. தப்பு இல்லைங்க, அந்த நம்பர் போல்ட்டோட மரை சைஸ், அதாவது நம்ம பட்டறை கணக்குல நாலு நூல் (எட்டு நூல் ஒரு இன்ச்சு) போல்ட்டுக்கு உண்டான ஸ்பேனர்னு அர்த்தம், தலையோட அளவு இல்ல. அதே ஸ்பேனர்ல பக்கத்துல 9/16 பிஎஸ்னும் இருக்கும், அது பிஎஸ்எஃப்ங்கற நைஸ் மரை, அந்த போல்ட்டுக்கு தலை ஒரு சைஸ் சின்னதா வரும்ங்கறதால ஒரே வாய் ரெண்டுக்கும் சேரும். புது மில்லிமீட்டர் ஸ்பேனர் செட்டோட இதை கலந்து வெக்காதீங்க, தனியா ஒரு கம்பியில கோத்து மாட்டுங்க.

எழுத்து தெரியலைன்னா தேய்க்க வேண்டாம். எண்ணெய் போட்டு ஒரு ராத்திரி விட்டுட்டு, மறுநாள் வேஸ்ட் துணியில தொடச்சு எடுத்து, சாக்பீஸை அந்த எடத்துல நல்லா பூசி, விரலால மேலாப்புல வழிச்சு விடுங்க. குழியில மட்டும் வெள்ளை நிக்கும், கோயில் கல்வெட்டுல மாவு பூசி படிக்கற மாதிரியேதான். செல்போன் டார்ச்சை மேல இருந்து அடிக்காம பக்கவாட்டுல தாழ்வா புடிங்க, தேஞ்சுபோன எழுத்துகூட நிழல் விழுந்து தெரியும். பெட்டியில இருந்த ஒரு ஸ்கொயர்ல, அதாவது மூலைமட்டத்துல, நான் ரெண்டு வாரமா வெறும் துருன்னு நெனச்சுக்கிட்டு இருந்த எடத்துல மூர் அண்ட் ரைட், ஷெஃபீல்டுன்னு வந்துச்சு.

பேரை வெச்சு காலமும் ஓரளவு புடிக்கலாம். மூர் அண்ட் ரைட் 1906ல ஆரம்பிச்சது, மிட்டுட்டோயோ 1934, அதுக்கு முன்னாடி காலத்து சாமான்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஸ்டாரெட்டுன்னா அமெரிக்காவுல ஆத்தோல்ங்கற ஊரு, காம்பினேஷன் ஸ்கொயர் அந்த கம்பெனியை ஆரம்பிச்ச ஸ்டாரெட் 1879ல பேட்டண்ட் வாங்குனது, அவங்க டூல்ல பெரும்பாலும் ஒரு மாடல் நம்பரும் அடிச்சிருக்கும், 57ன்னு இருந்தா சர்ஃபேஸ் கேஜ், 436ன்னு இருந்தா மைக்ரோமீட்டர், அந்த நம்பரையும் பேரையும் போட்டு தேடுனா பழைய கேட்டலாக் ஸ்கேன் பண்ணி போட்டிருக்கறது படத்தோட கெடைக்கும். மேட் இன் வெஸ்ட் ஜெர்மனின்னா 1949ல இருந்து 1990க்குள்ள. கோழிக்கால் மாதிரி மூணு கோடு ஒரு முனையில சேர்ந்து மேல நோக்கி இருந்தா அது பிரிட்டிஷ் சர்க்கார் சொத்துங்கற முத்திரை, மிலிட்டரி ஏலத்துல வந்த சாமானா இருக்கலாம். நம்ம ஊரு பேரையும் அலட்சியம் பண்ணாதீங்க, சென்னை அடிசன் டிரில்லும் டேப்பும், பெங்களூர் எச்எம்டி சாமானும் எத்தனையோ பெட்டியில இருக்கும், நல்ல இரும்பு.

பேரே இல்லைன்னா டூலோட வால் பக்கத்தை பாருங்க. முகத்தை பாத்து கொழம்பறதை விட, புடிக்கற பக்கம் எப்படி இருக்குதுன்னு பாத்தா வேலை தெரிஞ்சுரும், இதுதான் நான் கத்துக்கிட்டதுலயே உருப்படியான விஷயம். வால் சதுரமா இருந்தா டேப் ரெஞ்சு மாட்டி கையால திருப்பறது, டேப்பு இல்லைன்னா ஓட்டையை சரியான அளவுக்கு நைஸா பெருசாக்கற ஹேண்ட் ரீமர். கூம்பா போய் கடைசியில தட்டையா நாக்கு மாதிரி இருந்தா மோர்ஸ் டேப்பர், டிரில்லிங் மெஷின்லயோ லேத்தோட பின்பக்கம் இருக்கற டெயில்ஸ்டாக்லயோ சொருகறது. நர்லிங், அதாவது வழுக்காம இருக்க சொரசொரன்னு கோடு, போட்டிருந்தா விரல்ல திருப்பறது, அங்க ஸ்பேனர் போடக்கூடாது. தலை காளான் மாதிரி விரிஞ்சிருந்தா சுத்தி அடி வாங்குனது, பஞ்ச்சு, உளி, டிரிஃப்ட் இந்த ஜாதி. வாலே இல்லாம எல்லா பக்கமும் கண்ணாடி மாதிரி கிரைண்டிங் பண்ணியிருந்தா அது அளக்கறதுக்கு, இல்லைன்னா ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு செட் பண்றதுக்கு, அதுமேல எதையும் அடிக்காதீங்க, கீழ போடாதீங்க.

அந்த டிரிஃப்டையே எடுத்துக்கங்க, பாக்க தட்டை உளி மாதிரி இருக்கும், ஆனா முனையில வெட்டே இருக்காது, ஒரு பக்கம் சாய்வா போகும். உளின்னு நெனச்சு சாணை புடிச்சு கூராக்குன ஆளுங்களை நானே பாத்திருக்கேன். அது டேப்பர் ஸ்லீவுல மாட்டிக்கிட்ட டிரில்லை வெளிய தள்றதுக்கு. அதே மாதிரி டேப்பு மாதிரியே இருக்கும், ஆனா கூம்பா இருக்கும், பள்ளம் இடது கை பக்கம் சுத்தியிருக்கும், அது ஒடஞ்ச போல்ட்டை கழட்டற எக்ஸ்ட்ராக்டர், டேப்புன்னு ஓட்டைக்குள்ள விட்டுறாதீங்க. பேரிக்காய் மாதிரி ஒரு வளையம், ஒரு போல்ட்டு, வளைஞ்ச வாலு, அது லேத் கேரியர், லேத்துல ராடை புடிச்சு சுத்த வெக்கறது. டி மாதிரி ரெண்டு பக்கமும் நீண்டு சுருங்கற கம்பி, கைப்புடியில நர்லிங் திருகு, அது டெலஸ்கோப்பிக் கேஜ், ஓட்டைக்குள்ள விட்டு லாக் பண்ணி வெளிய எடுத்து மைக்ரோமீட்டர்ல அளக்கறது. ஒரு கால் ஊசி, இன்னொரு கால் கொக்கி, காம்பஸ் மாதிரி இருந்தா ஜென்னி காலிபர், ஒடஞ்ச காம்பஸ் இல்லைங்க, ஓரத்துல இருந்து ஒரே அளவுல கோடு இழுக்கறதுக்கு அப்படித்தான் இருக்கணும்.

ஒரு சாமான் மட்டும் எனக்கு மூணு மாசம் போக்கு காட்டுச்சு. கனமான முக்கோண இரும்பு, சாய்வான பக்கத்துல ஒரு குட்டி பிளாக்கு வழுக்கிக்கிட்டு மேலயும் கீழயும் போகுது, திருகி நிறுத்திக்கலாம். எந்த பக்கமா வெச்சாலும் குட்டி பிளாக்கோட மேல்பக்கம் மட்டும் தரைக்கு நேரா இருக்குது. பீளமேட்டுல ஒரு பழைய டர்னர் இருக்காரு, எங்க அப்பாவுக்கு பழக்கம், அவருகிட்ட எடுத்துட்டுப் போனேன். "மாமா, இது என்னங்க, எதாச்சும் மெஷினோட பார்ட்டுங்களா?"ன்னு கேட்டேன். அவருக்கு இப்ப கண்ணு சரியா தெரியாது. கையில வாங்கி கட்டை விரலை அந்த சாய்வுல ஓட்டி, பிளாக்கை தள்ளிப் பாத்துட்டு, "ஷேப்பர் ஓட்டுனவன் பெட்டியா தம்பி இது?"ன்னு கேட்டாரு. ஷேப்பர்னா டூல் முன்னாடியும் பின்னாடியும் போய் இரும்பை சீவற மெஷின். பிட்டருங்கன்னேன். "அப்ப ஷேப்பரும் ஓட்டியிருப்பான், இது பிளேனர் கேஜ்"னாரு. பிளாக்கு உசரத்தை மைக்ரோமீட்டர்ல வெச்சு லாக் பண்ணிட்டு, ஷேப்பர் டேபிள்ல வெச்சு, டூல் முனையை அதுமேல தொடற மாதிரி எறக்கி செட் பண்ணா, அந்த உசரத்துக்கே வெட்டும். ஷேப்பரே இப்ப பட்டறையில கொறஞ்சு போச்சு, அதனால இந்த சாமான் யாருக்கும் தெரியறதில்ல. உங்க ஊர்லயும் இப்படி ஒரு ஆளு இருப்பாரு, தேடிப் போங்க, போட்டோ அனுப்பறதை விட கையில குடுக்கறது நல்லது, அவங்க கையாலதான் படிக்கறாங்க.

இன்னொண்ணு, உள்ளங்கை சைஸ்ல, மரப்புடி, நடுவுல நூறு பிரிவு போட்ட ஒரு வட்டம், முன்னாடி கூரா ஒரு கம்பி நீட்டிக்கிட்டு இருக்கும். மீட்டரா, திருகா, ஒண்ணும் புரியாது. அது சுத்து எண்ற கருவி. ஓடற ஷாப்ட்டோட சென்டர் குழியில கூர்முனையை அழுத்திப் புடிச்சு, கடிகாரத்தை பாத்து ஒரு நிமிஷம் வெச்சா எத்தனை சுத்துன்னு வட்டம் காட்டும். கம்பியில புழு மரை, அது பல் சக்கரத்தை ஓட்டும், அவ்வளவுதான் உள்ள. லைன் ஷாப்ட், அதாவது பெல்ட் போட்டு எல்லா மெஷினையும் ஓட்டற நீள ஷாப்ட், ஓடுன மில்லுல இது இல்லாம வேலை நடக்காது.

மைக்ரோமீட்டர் எல்லாருக்கும் தெரியும், ஆனா ரெண்டு மூணு இருந்தா மூக்கை பாருங்க. ஒரு பக்கம் கூரு, எதிர்ல வி பள்ளம்னா மரையோட பிட்ச் டயாமீட்டர் அளக்கறது. ரெண்டு பக்கமும் தட்டு மாதிரி அகலமா இருந்தா கியர் பல்லுக்கு. தகடு மாதிரி மெல்லிசா இருந்தா குறுகலான காடிக்குள்ள. உருண்டையா இருந்தா குழாய் கனத்துக்கு. இன்ச்சா மில்லியான்னு சந்தேகம்னா திம்பிள்ல, அதாவது கையால திருப்பற குழல்ல, பிரிவை எண்ணுங்க, 25 இருந்தா இன்ச்சு, ஒரு சுத்துக்கு 25 தௌ (இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு ஒரு தௌ) நகரும், 50 இருந்தா மில்லி, ஒரு சுத்துக்கு அரை மில்லி. மூடி வெக்கறப்ப ரெண்டு முகமும் ஒட்டாம கொஞ்சம் இடைவெளி விட்டு வெய்யுங்க, ஒட்டி வெச்சா அங்கதான் துரு புடிக்கும்.

ரெண்டு உருளை மேல உக்காந்த நீட்டு பட்டை இருந்தா சைன் பார், சாய்வு கோணத்தை செட் பண்றது. உருளைக்கு உருளை நடுவுல 200 மில்லி இருந்தா, ஒரு பக்கத்தை 100 மில்லி தூக்குனா கரெக்டா 30 டிகிரி சாய்வு. அதுகூட 1.005, 1.01ன்னு நம்பர் போட்ட குட்டி குட்டி இரும்பு வில்லை இருந்தா ஸ்லிப் கேஜ், அடுக்கி வெச்சு துல்லியமா உசரம் செட் பண்றது, வெறும் விரல் படக்கூடாது, வேர்வை உப்புலயே துரு ஏறிடும். ரெண்டு வில்லையை சுத்தமா தொடச்சு ஒண்ணு மேல ஒண்ணு அழுத்தி வழுக்கிவிட்டா ஒட்டிக்கும், பசையும் இல்ல காந்தமும் இல்ல. ஸ்வீடன்காரர் ஜோஹான்சன் கொண்டு வந்தது. கொஞ்சமா இருக்குதுன்னு தூக்கிப் போட்டுறாதீங்க.

மரை விஷயத்துக்கு, மரையோட இடைவெளி பாக்கற பிட்ச் கேஜ் ஒண்ணு கண்டிப்பா வேணும், அனேகமா அதே பெட்டியில விசிறி மாதிரி மடங்கி இருக்கும். 55ன்னு இருந்தா விட்வொர்த் கோணம், 60ன்னு இருந்தா மெட்ரிக்கும் அமெரிக்கன் மரையும். அரை இன்ச்சு டேப்புல நல்லா வித்தியாசம் தெரியும், இன்ச்சுக்கு 12 மரை இருந்தா விட்வொர்த், 13 இருந்தா அமெரிக்கன், 16 இருந்தா பிஎஸ்எஃப். கால் இன்ச்சுல விட்வொர்த்தும் அமெரிக்கனும் ரெண்டுமே 20தான், அங்க கோணத்தை பாத்துத்தான் சொல்ல முடியும். மெட்ரிக் டேப் செட்டுல பெரும்பாலும் வால் பக்கம் வளையம் போட்டிருக்கும், ஒரு வளையம் மொதல் டேப்பு, ரெண்டு வளையம் ரெண்டாவது, வளையமே இல்லாதது கடைசி டேப்பு. வளையம் இல்லாததை முதல்ல விட்டு ஒடச்சுக்காதீங்க.

கம்பெனி பேரு, நம்பர் எதுவுமே இல்லாத சாமானை இரும்புக்கடை பக்கம் ஒதுக்காதீங்க, அது அந்த ஆளு தன் கையால செஞ்சதா இருக்கலாம். என் பெட்டியில மூணு பட்டை ஸ்கிரேப்பர் ஒண்ணு இருந்துச்சு. வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா, புடிக்கு பக்கத்துல அரத்தோட பல்லு லேசா தெரிஞ்சுது, பழைய முக்கோண அரத்தை சாணை புடிச்சு பல்லையெல்லாம் எடுத்து மூணு ஓரத்தையும் கூராக்கியிருக்காரு. ஓரத்துல வெள்ளையா மெழுகு மாதிரி ஏதோ ஒட்டியிருந்துச்சு, நகத்துல சுரண்டுனா வந்துச்சு, வெள்ளை உலோகம். அப்ப இது பேரிங் சுரண்டுனது. பக்கத்துல புரூசியன் புளூ டப்பா காஞ்சு போய் இருந்துச்சு, ஷாப்ட்டுல அதை பூசி பேரிங்ல வெச்சு திருப்பி, நீலம் ஒட்டுன மேட்டை மட்டும் சுரண்டி எடுக்கறது. கைப்புடியில கட்டை விரல் படற எடத்துல மரம் அரை நூல் அளவுக்கு குழிஞ்சிருக்குது. இடது பக்கமா குழிஞ்சிருக்குது, பேரன்கிட்ட கேட்டேன், ஆமாங்க தாத்தாவுக்கு இடது கைதான்னான். வெள்ளை உலோகத்துல ஈயமும் இருக்கலாம், சுரண்டுனா கை கழுவிட்டு சாப்பிடுங்க.

குட்டி பாட்டில்ல நீலமா கல்கண்டு மாதிரி உறைஞ்சு இருந்தா அது மயில்துத்தம், மார்க்கிங் பண்றதுக்கு தண்ணியில கரைச்சு சுத்தமான இரும்பு மேல பூசுவாங்க, செம்பு மெல்லிசா படிஞ்சுக்கும், அதுமேல கோடு போட்டா பளிச்சுன்னு தெரியும். விஷம், கொழந்தைங்க கைக்கு எட்டாம வெய்யுங்க.

லேத்துல இரும்பை வெட்டற டூல் பிட் எச்எஸ்எஸ்ஸா (ஹை ஸ்பீட் ஸ்டீல்) வெறும் கார்பன் ஸ்டீலான்னு தெரியலைன்னா, கண்ணாடி போட்டுக்கிட்டு, வெட்டாத மூலையை சாணைக்கல்லுல லேசா தொடுங்க. மத்தாப்பு மாதிரி வெள்ளையா பூ பூவா வெடிச்சா கார்பன் ஸ்டீல், மங்கலா செவப்பா வெடிக்காம கோடா போனா எச்எஸ்எஸ். கார்பைடுன்னா பொறியே அவ்வளவா வராது, ஆனா அதுக்கு சாணையே வேண்டாம், கையில எடுத்தாலே அதே சைஸ் இரும்பை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கனக்கும். அளக்கற சாமான் எதையும், பேரு அடிச்ச எதையும் சாணைக்கிட்ட கொண்டு போகாதீங்க.

துரு எடுக்கறது கடைசி வேலை, எல்லாம் தெரிஞ்சதுக்கப்புறம். எண்ணெயும் ரொம்ப நைஸான ஸ்டீல் உல்லும் போதும். வினிகர், எலுமிச்சை, ஆசிட் எல்லாம் ஸ்பேனருக்கு ஓகே, பிரிவு போட்ட ஸ்கேல்லயும் மைக்ரோமீட்டர்லயும் பட்டா கோட்டை தின்னுரும்.

தெரியாம நிக்கற சாமானுக்கு ஒரு பிஸ்கட் டப்பா வெச்சிருக்கேன். ஒவ்வொண்ணுலயும் நூல்ல ஒரு அட்டை கட்டி, எந்த டிராயர், பக்கத்துல என்ன இருந்துச்சு, வால் எப்படி இருக்குதுன்னு எழுதி வெச்சிருக்கேன். இப்ப அதுல அஞ்சு இருக்குது. அடுத்த ஞாயித்துக்கிழமை மாமா வீட்டுக்கு டப்பாவையே எடுத்துட்டுப் போறேன்.